4294967297 ஐ உடைச்ச கதை

மாங்குளம் பக்கம் ரியூசனுக்கு வாற பிள்ளையள் அடிக்கடி கேக்கிறது, "சேர், ஒரு இலக்கத்தப் பாத்த உடன முதன்மை எண்ணோ இல்லையோ எண்டு சொல்லேலாதோ?" ஏலாது. அதுக்குத்தான் நான் இந்த 4294967297 ஐ போர்ட்டில எழுதிறது. 3 ஆல போகாது, 7, 11, 13 ஒண்டுக்கும் மசியாது, கொஞ்ச நேரத்தில பெடியள் களைச்சுப்போய் "முதன்மை தான் சேர்" எண்டுவினம்.

அவையளில பிழையில்ல, பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவே அப்பிடித்தான் நம்பினவர். 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோட 1 ஐக் கூட்டினா வாற 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை, அதே வரிசையில அடுத்தது 2 இன் 32 ஆம் வலுவோட 1 ஐக் கூட்டினா வாற இந்த இலக்கம், அப்ப இதுவும் முதன்மையாத்தான் இருக்கோணும் எண்டு 1640 களில எழுதிப்போட்டார். 1732 இல ஒய்லர் எண்ட சுவிஸ் கணிதர் வந்து 641 × 6700417 எண்டு உடைச்சுக் காட்டினார்.

641 ஐ எப்பிடிப் பிடிச்சவர் எண்டதுதான் விசயம். காட்டுக்க மாடு காணாமப் போனா காடு முழுக்க அலையிறேல்ல, தண்ணிக்கு எந்தக் குளத்தடிக்கு வரும் எண்டு பாத்து அங்க போய் நிப்பம். அது மாதிரி இதின்ர காரணி எதுவா இருந்தாலும் 64 ஆல பிரிச்சா மிச்சம் 1 தான் வரோணும் எண்டு ஒய்லர் காட்டினவர், அப்ப பாக்கவேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, பிறகு 641, அவ்வளவுதான்! இதே மாதிரி வழியால 2 இன் 37 ஆம் வலுவில 1 ஐக் கழிச்சு வாறதுக்கு 223 எண்ட காரணியக் கண்டுபிடிச்ச ஃபெர்மா இதை எப்பிடி விட்டவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

கல்குலேட்டர் இல்லாமலே சரி பாக்கலாம். 641 = 5×128 + 1, அதால 641 ஆல பிரிக்கேக்க 5×128 இன்ர மிச்சம் −1, அதாவது 641 க்கு ஒண்டு குறைய. அதை நாலாம் வலுவுக்கு ஏத்தினா 625 × 2 இன் 28 ஆம் வலு, மிச்சம் 1. ஆனா 641 = 625 + 16 உம் தானே, அப்ப 625 க்குப் பதிலா −16 ஐப் போடலாம், 16 எண்டது 2 இன் 4 ஆம் வலு, 28 உம் 4 உம் 32. ஆக 2 இன் 32 ஆம் வலுவுக்கு மிச்சம் −1, ஒண்டக் கூட்டினா பூச்சியம். இது விளங்கின அண்டைக்கு ஒரு பிள்ளை கொப்பிய மூடாமலே இருந்து திரும்பத் திரும்பப் பாத்துக்கொண்டிருந்துது.

அந்த வரிசையில பிறகு ஒரு முதன்மையும் ஆம்பிடேல்ல. 3 ஐ முதலாவதா எண்ணினா இருபத்தோராவது எண் 315653 இலக்க நீளம், அது முதன்மை இல்ல எண்டு தெரியும், ஆனா ஒரு காரணி கூட இன்னும் ஆருக்கும் தெரியாது. காரணி தெரியாம எப்பிடி இல்ல எண்டு சொல்லுறதெண்டு கேப்பியள், அதுக்கு 1877 இல பெப்பன் எண்ட பிரெஞ்சுக் கணிதர் சொன்ன ஒரு சோதனை இருக்கு, 3 ஐ வலுவேத்தி மிச்சம் பாக்கிற வேலை, அதை வாற கிழமை எழுதிறன்.