பத்து பார்ப்பது நோயான பிறகு

நான் திரும்பத் திரும்பக் கை அலம்புவது ஒரு நோய் என்று மூன்று வருஷமாக என் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாலக்காட்டு அக்ரஹாரத்து வீடு. சாதம் தொட்ட கையால் தயிரைத் தொடாதே, எச்சில் பட்டால் அலம்பு என்று கேட்டே வளர்ந்தவள் நான். சாதம் பட்டதை வேறெதிலும் பட விடாத இந்த வழக்கத்தை எங்கள் வீட்டில் 'பத்து' என்போம். பையன் ஒரு தடவை வாந்தி பேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தான். அதற்கப்புறம் அரிசியை ஏழெட்டுத் தடவை களைந்தேன். கரண்டி குழாயில் பட்டுவிட்டது என்று ஒரு பாத்திரம் சாம்பாரைக் கொட்டினேன். மாமியார் பெருமையாக, "நன்னா பத்து பார்க்கறா" என்றார்.

கை வெடித்து ரத்தம் வந்தபோது தோல் டாக்டரிடம் போனேன். மூன்று தடவையும் களிம்புதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை அலம்புகிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் கையும் இப்படி இருந்தால் அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம்தான் மனநல ஓ.பி. காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். சீட்டு எழுதுகிறவர், மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இன்று வரமாட்டார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பின்னால் எங்கள் தெருக்காரி ஒருத்தி நின்றாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவும் பயந்து, அழுதுகொண்டே திரும்பினேன். அந்த ஓ.பி. எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்த தடவை டாக்டர் இருந்தார், ஆனால் முன்பு வேறொருவர் கொடுத்த தூக்க மாத்திரையின் சீட்டு என்னிடம் இல்லை. அது என்னவென்று தெரியாமல் புது மருந்து எழுதமாட்டேன் என்றார். நியாயம்தான், எனக்கு இன்னொரு வாரம் போயிற்று.

ஓ.சி.டி. என்றார்; ஓயாத பயமும், அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான நோய். எவ்வளவு கடுமை என்று பார்க்கப் பத்துக் கேள்வி, நாற்பது மதிப்பெண்; எனக்கு 27. அது கடுமையான நிலை.

மனநல ஆலோசகர் மலையாளி, நல்ல பெண். நான் "பத்து, பத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எதையும் பத்துத் தடவை செய்கிறேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்! சாதம் பட்ட பாத்திரத்தை வேறொன்றில் பட விடாத வழக்கம் அது என்று புரியவைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எச்சில் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். உங்கள் வீட்டுச் சொல்லை விளக்கி எழுதிக்கொண்டு போவது நல்லது. மலையாளம் வராதவர்கள் 14416-க்குக் கூப்பிட்டால், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஃப்ளூஆக்ஸெடின் என்ற மருந்து எழுதினார்கள். மூன்றாவது வாரம் ஒன்றும் தெரியவில்லையே என்று நானாக நிறுத்தினேன். பெரிய தப்பு. இந்த நோய்க்கு மருந்து பிடிக்க 8 முதல் 12 வாரம் ஆகுமாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மருந்தோடு பயத்தைப் பழக்கும் பயிற்சியும் உண்டு, அதுதான் கஷ்டம். பயப்படுகிற விஷயங்களை ஏணிப்படி மாதிரி வரிசையாக எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். பருப்பு டப்பா மூடியைத் தொட்டுவிட்டு, கை அலம்பாமல் ஒரு முறுக்கு தின்றேன். நெஞ்சு படபடத்தது, முக்கால் மணி நேரத்தில் தானாகத் தணிந்தது. அதைவிடக் கஷ்டம் வீட்டுக்காரருக்கு. "கை அலம்பினேளா?" என்று நான் கேட்டால் அவர் பதில் சொல்லக்கூடாது, அதுவும் பயிற்சியில் சேர்ந்தது. முதல் வாரம் கத்தினேன், அவர் வாயைத் திறக்கவில்லை.

சுத்தமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் சொன்ன ஐந்து விதிகளை அந்த ஆலோசகப் பெண் எழுதிக் கொடுத்தாள்: கையும் பாத்திரமும் சுத்தமாக இருக்கட்டும், பச்சையையும் சமைத்ததையும் தனித்தனியாக வை, நன்றாக வேகவை, ஆறவிட்டு வெளியே கிடத்தாதே, நல்ல தண்ணீர் உபயோகி. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்தால் போதும். அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. அதில் இல்லாததை நான் செய்வதில்லை.

ஏணியின் உச்சிப்படி, போன மாதம் கல்பாத்தியில் ஒரு கல்யாணச் சாப்பாடு. இலையில் புளியிஞ்சி எரிசேரியில் ஓடியது, ஓலன் காளனில் கலந்தது, யாரோ பரிமாறின கை என் சாதத்தில் பட்டது. பிரதமன் வரை சாப்பிட்டேன். எழுந்து போய் ஒரே ஒரு தடவை கை அலம்பினேன்.