மவுஸை ஓரமாக வைத்தபின்

கணினியில் பின்னணி இசை அமைப்பதுதான் என் தொழில். குறும்படம், விளம்பரம், ஆவணப்படம் என்று வேலை ஓடிக்கொண்டே இருந்தாலும், இடையில் சில காலம் வாசிக்கிற சுகமே இல்லாமல் போய்விட்டது. ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற வில் வாத்தியங்கள்) பகுதியைக் கீபோர்டில் வாசித்து முடித்ததும், ஒலி மாறும் விதத்தைத் திரையில் காட்டும் ஆட்டோமேஷன் கோட்டைத் திறந்து, ஏற்ற இறக்கத்தை மவுஸால் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். வளைவு கண்ணுக்கு அழகாகத் தெரிந்துவிட்டால் மனம் அதை ஏற்றுக்கொண்டுவிடும். காது செய்ய வேண்டிய வேலையைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர்களும் திருகும் குமிழ்களும் உள்ள, கணினிக்கு இசைக் கட்டளைகளை அனுப்பும் சின்ன மிடி கன்ட்ரோலர் ஒன்று மேசைக்கு வந்தபிறகுதான் இது மாறியது. இரண்டே இரண்டு ஃபேடரைத்தான் முதலில் பழகினேன். ஒன்றை சிசி 1 என்ற மிடி கட்டுப்பாட்டு எண்ணுக்கும், மற்றொன்றை சிசி 11-க்கும் இணைத்தேன். பல ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரிகளில் (உண்மையான வாசிப்பின் பதிவுத் தொகுப்புகள்) சிசி 1 ஒலியின் தன்மையையே மாற்றும். மெல்ல வாசித்த பதிவிலிருந்து அழுத்தி வாசித்த பதிவுக்கு நகர்த்தும். சிசி 11 ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். வலது கை வாசிக்கும்போது, இடது கை விரல்களால் முதலாவதை மேலே தள்ளி, இரண்டாவதைக் கீழே இழுத்துப் பாருங்கள். அழுத்தமான வில்வீச்சு, ஆனால் அடங்கிய சத்தம். அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் குரல் போல இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றையே பிடித்து இழுக்கும் மவுஸோடு இருந்த நாள்களில் இந்த ஒலி எனக்குத் தோன்றியதே இல்லை.

சிக்கல்களும் உண்டு. இசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் சாதாரண கன்ட்ரோல் மதிப்பு 0 முதல் 127 வரைதான். ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை மிக மெதுவாகத் திறக்கும்போது சில கருவிகளில் அந்தப் படிகள் காதில் விழும். அடுத்தது, திரையில் மதிப்பு 30-இல் இருக்க ஃபேடர் 100-இல் நிற்கும். தொட்டவுடன் ஒலி குதிக்கும். மென்பொருளில் பிக்கப் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். ஃபேடர் 30-ஐக் கடக்கும்வரை எதுவும் மாறாது. முடிவில்லாமல் சுழலும் என்கோடர் குமிழ்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அப்புறம் பஃபர், அதாவது கணினி ஒலியை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி மாதிரி) என்ற வேகத்தில், 128 சாம்பிள் என்றால் ஏறக்குறைய 2.7 மில்லிவினாடி தாமதம், பதிவின்போது அந்த அளவிலேயே வைத்துக்கொள்கிறேன். 1024-க்குப் போனால் அது மட்டுமே 21 மில்லிவினாடியைத் தாண்டும். கைக்கும் ஒலிக்கும் இடையே அவ்வளவு தூரம் வந்துவிட்டால் பேடில் தாளம் தட்டவே மனம் வராது.

எல்லாவற்றையும்விட உதவியது, எந்தக் குமிழ் எதை மாற்றும் என்ற மேப்பிங்கை மாற்றாமல் வைத்திருப்பது. எந்த ப்ராஜெக்ட்டைத் திறந்தாலும் முதல் குமிழ் ஃபில்டர், கடைசிக் குமிழ் அறையின் எதிரொலி போன்ற ரிவெர்ப். புதிய சின்த் (மின்னணு ஒலியை உருவாக்கும் கருவி) எது வந்தாலும் அந்த வரிசைக்குள்தான் அதைக் கொண்டுவருவேன். வெட்டி ஒட்டுவதும் நோட்டுகளைத் திருத்துவதும் இன்றும் மவுஸில்தான். ஆனால் முதல் டேக்கில் அதைத் தொடுவதில்லை.