பதினாலு தவு: செவெல் காரில் என்ஜின் ஏற்றிய கதை

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு கியர்பாக்ஸ் தானாகப் போய் உட்கார்ந்தது. போல்ட் மாட்டி இழுக்கவில்லை, ரப்பர் சுத்தியலைத் தொடவில்லை, அக்கம்பக்கத்துக்குப் புரியாத தமிழில் யாரையும் திட்டவும் இல்லை. வால் பக்கம் ஒரு கையைக் கொடுத்து லேசாக அசைத்தேன். ‘டொக்’. அவ்வளவுதான். மார்ச் மாதத்திலிருந்து இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் கராஜில் குடியிருந்தேன்.

வண்டி 1970 செவ்ரலே செவெல் மாலிபு. வேகத்துக்கென்று வந்த எஸ்எஸ் ரகம் இல்லை. அந்த வருடம் வந்த எல்எஸ்6 454 என்ஜினுக்கு 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள், அதை வாங்க நான் வீட்டை விற்க வேண்டியிருக்கும். என்னுடையது சாதாரண 350 ஸ்மால் பிளாக், நாலு கியர் மன்சி கியர்பாக்ஸ். வார்ப்பு எண் 010-இல் முடியும் பிளாக். சிலிண்டரை 30 தவு பெரிதாக்கியதில் கொள்ளளவு 355 கன அங்குலம் ஆனது. மெயின் பேரிங் வரிசையை ஒரே கோட்டில் ஹோன் செய்து, கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டை) பேலன்ஸ் செய்து, பிப்ரவரியில் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. அந்தப் பட்டறைக்காரர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த அளவுத் தாளை கராஜ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பேரிங் இடைவெளியும் தனித்தனியாக இருக்கிறது. திறனை அளக்கும் டைனோவில் இன்னும் ஏற்றவில்லை என்பதால் குதிரைத்திறன் பற்றி இப்போதைக்குப் பீற்றிக்கொள்வதாக இல்லை.

‘தவு’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டெட்ராய்ட் பக்கம் வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு மைக்ரானில் யோசிக்க வரவில்லை. அப்பாவின் லேத் பட்டறை கோயம்புத்தூர் கணபதியில். அங்கே காது கேட்ட முதல் கணக்கே தவுக் கணக்குதான்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். என்ஜின் கட்டியதில் எந்தக் குறையும் இல்லை. தகராறு பண்ணியது பெல்ஹவுசிங், அதாவது என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடி நிற்கும் மணி வடிவக் கூடு. பழைய அலுமினியம் (621 வார்ப்பு) கையில் இருக்கும்போதே, ஸ்டீலில் செய்தது ஒன்று ஸ்வாப் மீட்டில் (பழைய கார் பாகச் சந்தையில்) சல்லிசாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். காரணம் நியாயமானதுதான். 6,000 ஆர்பிஎம்மில் கிளட்சோ ஃப்ளைவீலோ சிதறினால் அலுமினியம் அதைத் தடுக்காது, துண்டுகள் தரையைக் கிழித்துக்கொண்டு நேராகக் காலுக்கு வரும். விற்றவர் “அப்படியே மாட்டலாம், அச்சு அசல்” என்றார். அச்சுதான் தப்பு என்பது பின்னால் தெரிந்தது.

மார்ச்சில் என்ஜினை இறக்கி, கீழே படுத்துக்கொண்டு கியர்பாக்ஸைத் தூக்கினேன். கால் அங்குலம் பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. கிளட்ச் தட்டு நடுவில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கியர்பாக்ஸ் தண்டின் பல்லும் (ஸ்ப்லைன்) தட்டின் பல்லும் பத்துக்குப் பத்து, அதுவும் சரி. அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, நாலு போல்ட்டையும் மாட்டி மாற்றி மாற்றி இறுக்கினால் வந்துவிடும் என்று ராட்செட்டை எடுத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த நேரத்துக்கு வந்தது என் நல்ல காலம். ஃபிளின்ட் என்ஜின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே கத்தினார்: “கையை எடு! அது போல்ட் போட்டு இழுக்கிற சாமான் இல்லை!” மன்சியின் போல்ட் மாட்டும் காது உடைந்தால் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அவர் ஏன் கத்தினார் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கிராங்க் முனையில் நான் புதிதாகப் போட்ட வெண்கல பைலட் புஷ்ஷில் (கியர்பாக்ஸ் தண்டின் நுனி உட்காரும் குழலில்) ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று சிராய்ப்பு. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத புஷ். பெரியவர் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டயல் வைத்துப் பார்த்தாயா?”

டயல் என்பது ஒரு தவு விலகலைக்கூட முள்ளால் காட்டும் அளவுக் கருவி. இல்லை, பார்க்கவில்லை. உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பிளாக்கும் பெல்ஹவுசிங்கும் ஆலையிலிருந்து வந்தபடியே ஜோடியாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். ஒன்றை மாற்றினால் அந்த நம்பிக்கை போயிற்று. பெல்ஹவுசிங்கின் பின்பக்க வட்டத் துளையில்தான் கியர்பாக்ஸின் மூக்கு உட்காரும். அந்தத் துளையின் மையமும் கிராங்கின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். முள் மொத்தமாக ஓடும் தூரம் 5 தவுக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டினால் புஷ் தேயும், இன்புட் பேரிங் முனகும், கியர் மாற்றும்போது மல்லுக்கட்டும்.

என்ஜினை மறுபடி வெளியே எடுத்தேன். “நம்ம வண்டி பனியில நிக்குது, அது மட்டும் உள்ள ஊஞ்சல் ஆடுது” என்றாள் மனைவி. ஊஞ்சல்தான் சிக்கலும். என்ஜின் ஸ்டாண்டில் மாட்டினால் பின்முகம் மறைந்துவிடும், ஃப்ளைவீல் போட முடியாது. ஹாய்ஸ்டில் தொங்கவிட்டால் மூச்சு விட்டாலே டயல் முள் நடுங்குகிறது. கடைசியில் நாலுக்கு நாலு கட்டையில் ஒரு தொட்டில் அடித்து, என்ஜினைத் தரையில் உட்கார வைத்தோம். ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றிவிட்டால் கிராங்க் வெண்ணெய் போலத் திரும்பும். காந்த அடியை ஃப்ளைவீலில் வைத்து, டயல் முனையைத் துளையின் உள்சுவரில் தொட வைத்து, முன்னாலிருந்து பிரேக்கர் பாரால் மெதுவாக ஒரு சுற்று.

14 தவு. கடிகார முகமாகப் பார்த்தால் நாலு மணிப் பக்கம் உச்சம்.

இதற்கு மருந்து ஆஃப்செட் டவல். பிளாக்கின் பின்முகத்தில் பெல்ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்தும் இரண்டு ஐந்தெட்டு அங்குல டவல் முளைகளைப் பிடுங்கிவிட்டு, மையம் விலகிய முளைகளைப் போட வேண்டும். 7, 14, 21 என்று மூன்று அளவில் வரும். பிடுங்குவதே தனிக்கதை. ஐம்பது வருடத் துரு. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி, மறுநாள் டார்ச்சில் சூடு, வைஸ் கிரிப்பில் பிடித்துத் திருகல். இடது பக்க முளை வெளியே வந்தபோது என் உள்ளங்கைத் தோலும் கொஞ்சம் கூடவே வந்தது.

முள் 14 ஓடியது. ஆகவே 14 தவு டவல் வாங்கினேன். படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள்.

போட்டேன், ஆறு போல்ட்டையும் முறையாக இறுக்கினேன், சுற்றினேன். 14 தவு. ஒரு தவுகூடக் குறையவில்லை. டவலைக் கொஞ்சம் திருப்பினால் கூடுகிறது, அந்தப் பக்கம் திருப்பினாலும் கூடுகிறது. டயல்தான் பழுது என்று முடிவு கட்டிப் புது டயல் வாங்கினேன். அதுவும் 14 காட்டியது. ஃப்ளைவீல் கோணலோ என்று கழற்றி, கிராங்க் முகத்தைத் துடைத்து, 60 அடி-பவுண்டில் மறுபடி மாட்டினேன். 14. இரண்டு வார இறுதிகள் இப்படியே போயின. பெரியவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கேட்க ஆள் இல்லை. நண்பர்கள் குழுவில் புலம்பினால் வழக்கமான பதில்தான்: பழசை விட்டுவிட்டு ஜிஎம்மின் புதுக்கால எல்எஸ் என்ஜின் போடு. இவர்களிடம் தலைவலி என்று சொன்னாலும் எல்எஸ் போடச் சொல்வார்கள்.

ஞாயிறு காலை, அங்கே சாயங்காலம், அப்பாவிடம் வீடியோவில் பேசும்போது போனை டயல் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“முதல்ல முள்ளு எந்தப் பக்கம் உச்சத்துக்குப் போச்சு?” என்றார்.

“நாலு மணிப் பக்கமுங்ப்பா.”

“இப்ப?”

நான் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனைக் கட்டை மேல் சாய்த்துவிட்டு மெதுவாகச் சுற்றினேன். பத்து மணிப் பக்கம். நேர் எதிர்.

“நீ சரி பண்ணல சாமி, தாண்டிப் போயிட்ட. நாலு ஜா சக்குல ஜாப்பை சென்டர் பாக்கறப்ப முள்ளு பதினாலு ஓடுனா எத்தனை தள்ளுவ?”

“ஏழுங்ப்பா.”

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அம்மா காபி வைத்துவிட்டுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

பன்னிரண்டு வயதில் பள்ளி விடுமுறையில் அவர் கையால் குட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட கணக்கு இது. மையம் 7 தவு விலகியிருந்தால் முள் ஒரு பக்கம் 7 ஏறும், எதிர்ப்பக்கம் 7 இறங்கும், மொத்த ஓட்டம் 14. நான் 14 தள்ளியதில், இந்தப் பக்கம் 7 விலகி நின்றது அந்தப் பக்கம் 7 விலகி நின்றது. எண் அச்சாக அதேதான். லேத்தில் வேலைப் பொருள் சுற்றும், டயல் சும்மா நிற்கும். இங்கே டயல் சுற்றுகிறது, பெல்ஹவுசிங் சும்மா நிற்கிறது. அது ஒன்று மாறியதில் எனக்குக் கண் கட்டிவிட்டது.

தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒஹாயோவில் டால்மட்ஜில் இருக்கும் சம்மிட் ரேசிங் கடைக்கே வண்டியை விட்டேன், நான் இருக்கும் நோவையிலிருந்து மூன்று மணி நேரம். 7 தவு டவல் ஒரு ஜோடி வாங்கப் போனவன் புது மோட்டார் மவுண்ட், ஜிங்க் சேர்த்த பிரேக்-இன் ஆயில், தேவையே இல்லாத ஒரு குரோம் ஏர் கிளீனர் என்று டிக்கி நிறைய வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஏர் கிளீனர் பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

7 தவு டவலில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு முளையின் தலையிலும் திருப்புளிக் காடி இருக்கும், இரண்டும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் பெல்ஹவுசிங் ஏறாது, ஏறினாலும் நெரித்துக்கொண்டு நிற்கும். ஒரு ஸ்கேலைக் காடிகளுக்குப் பக்கத்தில் பிடித்து, பிளாக்கில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். திசையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஆறு போல்ட் கழற்றி, திருப்பி, மாட்டி, இறுக்கி, சுற்றிப் பார்க்க நாற்பது நிமிடம். முதல் தடவை 9. அடுத்தது 6. பேராசையில் இன்னும் கொஞ்சம் திருப்பினேன், தப்பான பக்கம், 11. தேநீர் குடித்துவிட்டு வந்து கோட்டைப் பார்த்து எதிர்ப்பக்கம் திருப்பினேன். 2 தவு. மூன்று முறை சுற்றினேன், மூன்று முறையும் 2.

கிராங்கை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்தபடி பின்முகத்தையும் அளந்தேன். 3 தவு, அதைத் தொட வேண்டியதில்லை. டவலில் பச்சை லாக்டைட் பசை தடவி, கடைசியாக ஒரு தரம் மாட்டி, இன்னொரு தரம் அளந்தேன். இனிமேல் அந்த இரண்டு முளைகளையும் யாராவது பிடுங்க நினைத்தால் என் சாபம் உண்டு.

சிராய்ப்பு விழுந்த புஷ்ஷையும் மாற்றினேன். ஓட்டையில் கிரீஸை அடைத்து, சரியான விட்டமுள்ள கம்பியால் தட்டினால் அழுத்தத்தில் புஷ் பின்னால் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கிரீஸ் சிந்தி நாறுகிறது என்று இங்கே சிலர் நனைத்த ரொட்டியை அடைப்பார்கள். நான் மிச்சமிருந்த சப்பாத்தி மாவை அடைத்தேன். அஞ்சாவது அடியில் புஷ் கையில்.

அப்புறம் என்ஜின் உள்ளே இறங்கியது, சனிக்கிழமை அந்த ‘டொக்’.

அடுத்தது முதல் ஸ்டார்ட். கேம் ஃப்ளாட் டாப்பெட் வகை, முதல் ஓட்டத்தில் சரியாகப் பழக்காவிட்டால் தேய்ந்து போகும் என்பதால் உள்ளூர ஒரு பயம் இருக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் கியரை எடுத்துவிட்டு, டிரில்லில் மாட்டி ஆயில் பம்பைச் சுற்றி, எட்டு சிலிண்டரின் ராக்கருக்கும் எண்ணெய் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவேன். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு இல்லாத வெறும் தண்டை வைத்துச் சுற்றினால் எண்ணெய்க் கால்வாய் மூடாது, ராக்கர் வரை ஏறாது. ஸ்டார்ட் ஆனதும் 2,000-க்குக் குறையாமல் இருபது நிமிடம், ஐடிலுக்கு இறங்கவே கூடாது. டைமிங்கை முதலிலேயே சரியாக வைத்திருக்க வேண்டும். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையை 1-8-4-3-6-5-7-2 என்று இப்போதே தூக்கத்தில் சொல்கிறேன். மன்சியின் இரண்டாவது கியர் சின்க்ரோ வளையமும் தேய்ந்திருக்கிறது, அதைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலம். போன வருடம் ஃபெர்ன்டேலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், இந்த வருடம் ரோட்டில் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி கியர்பாக்ஸ் மவுண்ட் போல்ட் தேடி பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். போல்ட்டோடு சேர்ந்து ஒரு பந்துத் தலை ஸ்டட்டும் உருண்டு வந்தது. கிளட்ச் மிதியின் அசைவை கிளட்சுக்குக் கடத்தும் இசட்-பார் உட்காரும் ஸ்டட், ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கில் முடுக்க வேண்டியது. தொட்டிலில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு விரலால் முடுக்கியிருக்கலாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். துளைக்குள் ஆரஞ்சுப் பெயிண்ட் அடைத்திருக்கிறது, ஸ்டியரிங் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் என் கை நுழையவில்லை. மகளின் கை நுழைகிறது. ஒரு ஐஸ்கிரீமுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள்.