யொகாஸ்டா பக்கம் நிற்கிறேன்

செமஸ்டருக்காகத்தான் பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தைக் கையில் எடுத்தேன். விதி, விதி என்று வகுப்பில் நோட்ஸ் கொடுத்துவிட்டார்கள், சரி, ஆனால் எனக்கு ராஜா ஈடிபஸைவிட அவன் மனைவி யொகாஸ்டாதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். கொரிந்திலிருந்து வந்தவன் ஏதோ நல்ல சேதி சொல்கிற நினைப்பில், ஈடிபஸிடம், நீ உன்னை வளர்த்த கொரிந்து ராஜா பாலிபஸ் பெற்ற பிள்ளையே இல்லை, கணுக்கால் துளைத்துக் கட்டியிருந்த குழந்தையாக உன்னைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான் என்று பேசிக்கொண்டே போகிறான், கூட நிற்கிற யொகாஸ்டாவுக்கு, தான் பெற்ற மகனையே கட்டியிருக்கிறோம் என்று எல்லாம் புரிந்துவிடுகிறது, இவனுக்குப் புரியவில்லை. போதும், மேலே கேட்காதே என்று கெஞ்சுகிறாள். நான் தாழ்ந்த குலமாக இருந்துவிடுவேனோ என்று இவளுக்குப் பயம்போல என நினைத்துக்கொள்கிறான் அந்த மகாராஜா! தாம்பரம் ரயிலில் நின்றபடி படித்தவன் அந்த இடத்தில் ‘டேய், நிறுத்துடா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் அந்த ஆட்டிடையன். கொன்றுவிடச் சொல்லிக் கொடுத்த குழந்தையைப் பாவம் பார்த்து உயிரோடு விட்டவன். அந்தப் பிள்ளை வளர்ந்து, யாரென்று தெரியாமலே அப்பாவைக் கொன்று அம்மாவைக் கட்டிக்கொண்ட அத்தனை நாசத்துக்கும் வழி விட்டது அந்த இரக்கம்தான். இதற்கு விதி என்று ஐந்து மார்க் விடை எழுத மனசே வரவில்லை. யொகாஸ்டாவைப் பற்றி எழுதினால் மார்க் போடுவார்களா, சீனியர்கள் யாராவது சொல்லுங்கள்.