ஹென்ஸ்னா என்ன சார்?

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். 17 வருடமாக அதே மேட்ரிக்ஸ், அதே கால்குலஸ். எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்கள் மட்டும் வருடா வருடம் மாறும். "இந்த பேட்ச் வாயே திறக்க மாட்டேங்குது" என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் யாராவது ஒருவர் சொல்லும் வசனம். நானும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு விடைத்தாள் கையில் வந்தது. அதற்கப்புறம் அந்த வசனம் எனக்கு வாயில் வருவதில்லை.

அது முதல் இன்டர்னல் டெஸ்ட். கொடுத்த ஏ என்ற அணிக்கு, அதாவது மேட்ரிக்ஸுக்கு, கேலி-ஹாமில்டன் தேற்றத்தை வெரிஃபை செய்ய வேண்டும், 'ஹென்ஸ் ஃபைண்ட் ஏ இன்வர்ஸ்', அந்த அணியின் நேர்மாறு. 16 மார்க் கேள்வி. எந்தச் சதுர அணியும் தன்னுடைய சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்பதுதான் தேற்றம். அதைச் சரிபார்த்துவிட்டு, கிடைத்த சமன்பாட்டை ஏ இன்வர்ஸால் பெருக்கினால் நாலே வரியில் இன்வர்ஸ் வந்து விழும். கேள்வியின் அழகே அந்த நாலு வரிதான்.

ஒரு பையன் முதல் பாதியைப் பிசகில்லாமல் போட்டிருந்தான். இரண்டாம் பாதியில் அணிக்கோவையைக் கண்டுபிடித்து, ஒன்பது இணைக்காரணிகளையும் வரிசையாக எழுதி, சேர்ப்பு அணி எடுத்து, வகுத்து, பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இன்வர்ஸைக் கொண்டுவந்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க வேலை, விடையும் சரி. நான் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'மெத்தட் ராங்' என்று எழுதி, 8-க்கு 0 போட்டேன். பேப்பரை வாங்கினான், பார்த்தான், நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது டெஸ்டில் இன்னொரு கேள்வி. அணியை டயகனலைஸ் செய், ஹென்ஸ் ஏ-யின் நான்காம் அடுக்கைக் கண்டுபிடி. டயகனலைஸ் என்றால் மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் நிற்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது, அந்த வடிவத்தில் அடுக்கு எடுப்பது சுலபம். டயகனலைஸ் செய்திருந்தான். செய்துவிட்டு அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஏ-யை ஏ-யால் பெருக்கி, வந்ததை மறுபடி ஏ-யால் பெருக்கி, மறுபடியும் பெருக்கி, நான்காம் அடுக்கை எடுத்திருந்தான். அதுவும் சரி! இந்தத் தடவை கோடு போடக் கை வரவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னேன்.

"ஏம்ப்பா, டயகனலைஸ் பண்ணத் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குக் கையால பெருக்கிட்டு இருக்க?"

ரொம்ப நேரம் என் மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், ஹென்ஸ்னா என்ன சார்?"

"நீ என்னன்னு நெனச்ச?"

"'அப்புறம்'னு நெனச்சேன் சார்."

ஹென்ஸ் என்றால் 'இதைக் கொண்டு', மேலே கிடைத்ததை வைத்தே அடுத்ததைக் கண்டுபிடி என்று அர்த்தம். அவனுக்கோ, தேற்றத்தை வெரிஃபை செய். அப்புறம் இன்வர்ஸ் கண்டுபிடி. அவன் வாசிப்பில் கேள்வி அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் அவன் போட்டதில் ஒரு தப்பும் இல்லை. முதல் டெஸ்ட் மார்க்கை மாற்ற முடியாது, போர்டலில் ஏற்றியாகிவிட்டது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் மருத்துவத்துக்கு வந்த ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியலுக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நான் பார்த்தவரையில் உருப்படியாக நடந்த காரியங்களில் அது ஒன்று. பிள்ளைகள் கல்லூரி வாசல் வரை வந்துவிட்டார்கள். அதற்குள்ளே ஹென்ஸ் நிற்கிறது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியதே, அதில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்டேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். தவிர, "தமிழ்ல படிச்சா வேலை கிடைக்காதுன்னு ஊர்ல சொன்னாங்க சார்."

சரி, ரெண்டு மாசமாக ஏன் கேட்கவில்லை? அதையும் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் முதலில் நின்றான். பிறகு, "அந்த ஈஜன் மேட்டர் சார்" என்றான்.

எனக்கு நினைவே இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் வந்தது. வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம். ஒருவரை எழுப்பிக் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு இவனை எழுப்பியிருக்கிறேன். 'ஐகன் வேல்யூஸ்' என்பதை எழுத்துக் கூட்டி 'ஈஜன் வேல்யூஸ்' என்று வாசித்தான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், "தம்பி, இங்கிலீஷைக் கொல்லாதப்பா" என்று ஒரு பஞ்ச் வேறு. அது இங்கிலீஷே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஐகன் ஜெர்மன் சொல், 'தனக்கே உரிய' என்று பொருள். சிரித்த மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் அந்த வார்த்தை அதற்கு முந்தின வாரம் தெரியாது. என் வாயிலிருந்து வந்ததை இரண்டு நாள் முன்னால் காதில் வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் ஜன்னல் ஓரம், கடைசிக்கு முந்தின பெஞ்ச்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று உண்டு. நானும் தமிழ் மீடியம்தான். முதல் வருடம் லெக்சரர் 'லெட் அஸ் அஸ்யூம்' என்று சொல்லும்போதெல்லாம் அது என்ன பார்முலா என்று தேடியவன். எந்த வருடம் அதை மறந்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வினாத்தாளில் வரும் பத்து வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதினேன். வெரிஃபை, ஹென்ஸ், டிட்யூஸ், எவாலுவேட், ரெட்யூஸ் இந்த மாதிரி. தமிழிலோ தெரிந்த எந்த மொழியிலோ அர்த்தம் எழுதச் சொன்னேன். எவாலுவேட் என்றால் 'பேப்பர் திருத்துவது' என்று ஒரு சீட்டு. ரெட்யூஸுக்கு 'வெயிட் குறைப்பது'. ஹென்ஸ் பாதிக்கு மேல் காலி. காலியாக விட்ட எல்லோரும் தமிழ் மீடியமாக இருக்க முடியாது, அத்தனை தமிழ் மீடியப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2012-13 வாக்கிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன, அதில் படித்தவர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். சான்றிதழில் இங்கிலீஷ் மீடியம் என்று இருக்கும். பாடம் தமிழில் நடந்திருக்கும், பதில் இங்கிலீஷில் மனப்பாடமாகியிருக்கும். அவர்கள் கேள்வியை வாசிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார்கள். கைடில் பார்த்த கேள்வி வந்தால் கைடில் பார்த்த பதில். இவன் பாவம், கேள்வியை வாசித்தவன்.

நான் கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா? எனி டவுட்ஸ்?" என்று கேட்பேன். நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன், நல்ல வாத்தியார் என்ற நினைப்பில். அதை எப்போது கேட்கிறேன் என்று பார்த்தால், பீரியட் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, கையில் டஸ்டரோடு, கதவைப் பார்த்துக்கொண்டு. கடைசி பீரியட் என்றால் வெளியே காலேஜ் பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் கை தூக்குகிறவன் 60 பேருக்கு எதிரி. இதில் பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் வந்தால், பையன்கள் பக்கத்தில் ஒரு கனைப்பு வரும். அதை நான் காது கேளாத மாதிரி விட்டிருக்கிறேன்.

மொழி மட்டுமே காரணம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். முதல் பீரியட் முழுக்கத் தூங்கும் ஒரு பெண் இருந்தாள். இரண்டு தடவை வெளியே அனுப்பினேன், அட்டெண்டன்ஸ் போனது. 75 சதவீதத்துக்குக் கீழே போய், பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் ஏறும் நிறுத்தத்துக்கு காலேஜ் பஸ் காலை 6.20-க்கு வருகிறது. அம்மா அதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார். சமைத்து வைத்துவிட்டு, தான் சாப்பிட நேரமில்லாமல் ஓடி வருகிறாள். கேன்டீன் இடைவேளைக்குத்தான் திறக்கும். டைம்டேபிள் போடுகிறவரிடம் சொல்லி என் பீரியடை மாற்றிக்கொண்டேன். இப்போது அவள் ஃபிசிக்ஸ்காரர் பீரியடில் தூங்குகிறாள் என்று அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அது தீர்வில்லை, எனக்கும் தெரியும்.

இன்னொன்று, ஃபீஸ் பாக்கி லிஸ்ட். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அட்டெண்டர் ஒரு தாளோடு வந்து பெயர் வாசிப்பார். வாசித்தவர்கள் எழுந்து ஆபீசுக்குப் போக வேண்டும். ஸ்காலர்ஷிப் பணம் அரசிடமிருந்து இன்னும் வராத பிள்ளைகள்தான் அதில் பாதி. அரை மணி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வரும் பிள்ளை, அதன்பின் அந்த நாளில் எந்தக் கேள்விக்கும் தலை நிமிராது. லிஸ்ட்டை மென்டரிடம் கொடுங்கள், நாங்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் அப்படி நடந்தது. அப்புறம் பழையபடி அட்டெண்டர்.

நான் செய்து பார்த்ததில் முதலில் ஊத்திக்கொண்டது சந்தேகப் பெட்டி. பெயர் போடாமல் எழுதிப் போடலாம் என்று வைத்தேன். சினிமா வசனமும், "சார் சட்டை சூப்பர்"-உம், ஒரு பெண்ணைப் பற்றிய அசிங்கமான வரி ஒன்றும் வந்தன. ஒரே மாதத்தில் எடுத்துவிட்டேன்.

பிழைத்தது வேறொன்று. "யாருக்குப் புரியலை?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கணக்கின் நடுவில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழிலேயே சொல்லுங்கள் என்று மூன்று நிமிடம் விடுவேன். பிறகு, "உங்க பக்கத்துல இருக்கறவங்களுக்கு எந்த ஸ்டெப்ல இடிக்குது?" என்று கேட்பேன். அடுத்தவருடைய சந்தேகத்தைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. சில சமயம் போட்டுக் கொடுக்கும் உற்சாகத்தோடே சொல்கிறார்கள். அது யாருடைய சந்தேகம் என்று நான் தோண்டுவதில்லை.

அப்புறம் பிளஸ் டூ தமிழ் வழிக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். டிடர்மினண்ட் என்று சொன்ன கையோடு அணிக்கோவை என்றும் சொல்லிவிடுவேன். 'ரேங்க் ஆஃப் எ மேட்ரிக்ஸ்' என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், அது ஏதோ முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் விவகாரம் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். 'அணியின் தரம்' என்றதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு "ஓ" எழுந்தது. ஏற்கனவே படித்துவிட்டு வந்த பாடம் அது. வேறு பெயரில் வந்ததால் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

வினாத்தாளிலும் ஒரு முயற்சி செய்தேன். இன்டர்னல் டெஸ்டுக்குக் கேள்வி எடுக்கும்போது, ஹென்ஸ் வரும் இடத்தில் பக்கத்திலேயே அடைப்புக்குள் 'இதைக் கொண்டு' என்று தமிழில் போட்டேன். கல்லூரியின் தேர்வுப் பிரிவான எக்ஸாம் செல்லிலிருந்து தாள் திரும்பி வந்தது. அந்த இரண்டு சொல்லைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டுமாம்.

இப்போது முதல் பகுதியின் கடைசியிலிருந்து இரண்டாம் பகுதியின் தொடக்கத்துக்கு வளைவாக ஒரு அம்புக்குறி போட்டுவிடுகிறேன். டெஸ்டுக்கு முன்பே வகுப்பில் அதைக் காட்டி, மேலே கண்டுபிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வா என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்புக்குறி எந்த மொழி என்று எக்ஸாம் செல்லில் இதுவரை யாரும் கேட்கவில்லை.