வெயிலைத் தேடித் தரங்கம்பாடிக்கு

விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றைத் தேடும்போது பலரும் முதலில் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மாதத்தை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு மழை பெரும்பாலும் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். சில ஆண்டுகளில் அது பொங்கல் வரைக்கும் நீளும். அது விலகிய பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை, நாள் முழுக்க வெயில் இருக்கும், ஆனால் உடம்பைச் சுடாது. வேதாரண்யத்து உப்பளக்காரர்கள் மழைநீரை வடித்து, பாத்தி கட்டி, வேலையைத் தொடங்குவதும் இந்தப் பருவத்தில்தான். வெயிலை நம்பிப் பிழைப்பவர்கள் தேர்ந்தெடுத்த மாதங்களை நாமும் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

எனவே பிப்ரவரி என்பது முடிவாகிவிட்டது. அப்புறம்தான் எந்த ஊர் என்ற கேள்வி. இந்த முறை அம்மாவும் வருவதாக இருந்தார். அவருக்கு மூட்டு வலி. தங்கும் இடத்திலிருந்து கடலுக்கு நடந்தே போக வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது, பார்க்கிறவை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை எனக்கு மிகவும் பிடித்த இடம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் வயதானவர்களும் நிம்மதியாக நடக்கலாம். ஆனால் வார இறுதிக் கூட்டத்தில் அந்த நிம்மதி போய்விடுகிறது. ராமேசுவரத்தில் பாதி நாள் கோயில் வரிசையிலும் மீதி நாள் தனுஷ்கோடிப் பயணத்திலும் கழியும். கன்னியாகுமரி ஒரு காலைக்கு அருமை, தங்கி ஓய்வெடுக்க எனக்கு ஒத்துவரவில்லை. மிஞ்சியது தரங்கம்பாடி.

மயிலாடுதுறை வரை ரயில். ஒரு காலத்தில் அங்கிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது. இப்போது செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். அந்தச் சாலைக்காகவே பிப்ரவரியில் போகலாம் என்பேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அறுவடை இயந்திரம் ஓட, மறுபக்கம் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையின் ஓரத்தையே களமாக்கி நெல் காயவைத்திருந்தார்கள். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல் குவியல் குவியலாகக் கிடந்தது, மேலே தார்ப்பாய் தயாராக இருந்தது. நாங்கள் வெயில் வேண்டும் என்று விடுமுறைக்குக் கேட்டோம், இவர்கள் விளைந்த நெல் வீடு சேரக் கேட்கிறார்கள். ஒரு நாள் மழை பெய்தால் ஈரப்பதம் ஏறி எடை போட மாட்டார்களே என்று அம்மா வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

தரங்கம்பாடிக்குள் நுழைய இன்னும் அந்தப் பழைய வாயில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேராகக் கடலில் போய் முடிகிறது. மெதுவாக நடந்தாலும் கொஞ்ச நேரம்தான். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், தூண் வைத்த முகப்புள்ள வெள்ளை வீடுகள் எல்லாம் இந்த ஒரு தெருவிலேயே இருக்கின்றன. இடையிடையே திண்ணை போன்ற நிழலான இடங்கள். அம்மா நான்கு இடங்களில் உட்கார்ந்து எழுந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் கடல் வரை வந்துவிட்டார். ஊரைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கியவர். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். தமிழில் அச்சான எதையும் வாசிக்கிற ஒருவர் அங்கே சற்று நேரம் நிற்காமல் வர முடியாது. எனக்கு அந்த ஊரில் மிக நெருக்கமாகத் தோன்றிய இடம் கோட்டை அல்ல, இந்தக் கல்லறைதான்.

கோட்டையும் பார்க்க வேண்டியதுதான். 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மிளகு வியாபாரத்துக்காக டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கீழே கிடங்கு அறைகள். மேல்தளத்தில் நின்றால் முன்னால் முழுக்கக் கடல்தான்.

வெயில் தேடிப் போகிறவர்களுக்குக் கிழக்குப் பார்த்த கரையில் ஒரு பெரிய வசதி உண்டு. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து மணலை நன்றாகக் காய்ச்சும். ஏழு மணி வெயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், முட்டிக்கு இதமாக இருக்கிறது என்றார் அம்மா. நடுப்பகலுக்குள் தரை சூடேறி, கடலிலிருந்து காற்று வரத் தொடங்கும். பின்மதியம் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்போது கோட்டையின் நிழல் கரைப் பக்கமாக நீளும். கண் கூசாமல் இருட்டும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேற்குக் கரையில் மாலை வெயில் முகத்துக்கு நேராக அடிக்கும்.

ஆனால் குளிக்க இந்தக் கடல் ஏற்றதல்ல. நான் இறங்கப் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, முழங்காலுக்கு மேல போகாதீங்க. இங்க திடீர்னு ஆழம். அலை திரும்பும்போது உள்ள இழுத்துடும்." பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டும். கடலின் பலம் தெரிய வேண்டுமானால் கரையோரத்து மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்த்தால் போதும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், அதன் முன்பகுதியைக் கடலே எடுத்துக்கொண்டது. இப்போது பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் பலரை இழந்த கரை இது. பெரியவர் சொன்ன பேச்சுக்கு மறுபேச்சு பேசாமல் கரையேறினேன்.

சாப்பாடு எளிமைதான், ஆனால் மீன் அன்றைக்குப் பிடித்தது. சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அம்மா சைவம், அவருக்குப் பொறையாரில் நல்ல இட்லி கிடைத்தது. பூம்புகாரையும் திருக்கடையூர் அபிராமி கோயிலையும் அரை அரை நாளில் பார்த்துவிடலாம். தங்கும் விடுதிகள் குறைவு, அதனால் சனி ஞாயிறு என்றால் முன்பதிவு அவசியம்.

பள்ளி விடுமுறையில், அதாவது மே மாதத்தில், போகலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். வெயில் கொளுத்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீனும் அரிதாகிவிடும். ஜூன் பிறந்துவிட்டால் கேரளக் கரையிலும் மழை. ஆண்டின் நடுவில்தான் விடுமுறை கிடைக்கும் என்பவர்களுக்கு எனக்குத் தோன்றுவது திருகோணமலை. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி இலங்கையின் மலைநாட்டுக்கு மேற்கிலேயே கொட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெயிலும் அமைதியான கடலும் உண்டு. ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலும் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னதும் அம்மா உடனே சரி என்றுவிட்டார். வருகிற ஜூலையில் போவதாகத் திட்டம், அவருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பித்தாயிற்று.