சக்கரத்தைப் பார்த்து வாங்கிய போர்விமானம்

ரிமோட்டில் பறக்கும் மாதிரிப் பயிற்சி விமானத்தை நான்கு ஆண்டுகள் ஓட்டிக் கை தேறிய பிறகே, அதே வகையில் ஒரு மாதிரிப் போர்விமானத்தை வாங்கும் துணிச்சல் எனக்கு வந்தது. ஆசையெல்லாம் இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் மீதுதான் இருந்தது. ஆனால் சிறிய மாதிரிகளில் அந்த அழகிய இறக்கையின் குறுகிய நுனி, வேகம் குறைந்தவுடன் தூக்குவிசையை இழந்து விமானத்தை ஒரு பக்கமாகக் கவிழ்த்துவிடக்கூடியது. அதைவிடப் பெரிய சிக்கல் சக்கரங்களில் இருந்தது. ஸ்பிட்ஃபயரின் கால்கள் உடலை ஒட்டி அமைந்து வெளிப்புறமாக மடங்குபவை என்பதால், தரையில் நிற்கும்போது இரு சக்கரங்களுக்கும் இடையே அகலம் போதாது. அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஹாக்கர் ஹரிக்கேனிலோ கால்கள் இறக்கையில் தள்ளி அமைந்து உட்புறமாக மடங்குகின்றன. அகலக் கால் வைத்து நிற்கும் விமானம் அது. ஓடுதளம் என்று எதுவும் இல்லாமல் வற்றிய ஏரியில் இறக்க வேண்டிய வேலூர்க்காரனுக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானது. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஓட்டியதும் ஹரிக்கேனையே என்பது, ஸ்பிட்ஃபயரை விட்டுக்கொடுத்த மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்கப் போர்விமானமான மஸ்டாங்கையும் யோசித்தேன், எல்லாரிடமும் இருக்கிறது என்பதைத் தவிர அதை ஒதுக்க எனக்கு வேறு காரணம் இல்லை.

சென்னையில் ஒருவர் சில மாதங்கள் பயன்படுத்திய ஃபோம் ஹரிக்கேன் கிடைத்தது. இறக்கையின் நுனிக்கு நுனி 1.2 மீட்டர், அசல் விமானத்தின் இறக்கை 12.19 மீட்டர் என்பதால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மோட்டாரும், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும் நான்கு செர்வோக்களும் உள்ளேயே இருந்தன. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் 2200 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் என்னிடம் இருந்தன. சக்கரங்கள் மடங்காத வகையைத் தெரிந்தே வாங்கினேன், ஏனெனில் மடங்கும் பொறிமுறை ஏரி மண்ணில் அதிக நாள் தாங்காது. காட்பாடி வரை ரயிலில் இறக்கைப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பாகங்களைப் பூட்டிய அன்றே, விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமனாக நிற்கும் புள்ளியான ஈர்ப்பு மையத்தைச் சோதித்தேன். கையேட்டின்படி அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 முதல் 60 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். தாழ்ந்த இறக்கை கொண்ட விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தாங்கினால்தான் சரியாக நிற்கும் என்பதால், ரப்பர் முனை கொண்ட இரண்டு பென்சில்களை ஒரு பலகையில் செங்குத்தாக நட்டு, 58 மில்லிமீட்டர் குறியில் இறக்கையை அவற்றின் மேல் வைத்தேன். வால் உடனே கீழே சாய்ந்தது. பேட்டரியை மூக்குவரை தள்ளியும் பயனில்லை. வாலைத் தடவிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. முன்னவர் உடைந்த வாலை எபாக்சியால் ஒட்டி, அதன்மேல் மீண்டும் பெயின்ட் அடித்திருந்தார். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் பல கிராம் வைத்தாக வேண்டும், ஏனெனில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தொலைவு மூக்கின் தொலைவைப் போல் இரு மடங்குக்கும் மேல். சத்துவாச்சாரியில் ஒரு டயர் கடையில், கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் 5 கிராம் ஈய வில்லைகளை வாங்கிவந்து மோட்டாருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஒட்டினேன். எட்டாவது வில்லையில் விமானம் பென்சில்களின் மேல் மூக்கைச் சற்றே தாழ்த்தி நின்றது. மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்ததைக் கையில் பிடிக்கவே முடியாது.

அடுத்தது, ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்யும் என்று பார்க்கும் ஃபெயில்சேஃப் சோதனை. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டே இதைச் செய்தேன். மோட்டாரை அரை வேகத்தில் ஓடவிட்டு ரிமோட்டை அணைத்தேன். மோட்டார் நிற்கவில்லை. சிக்னல் அறுந்தால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்படி ரிசீவர் அமைந்திருந்தது. நானும் நான்கு ஆண்டுகளாக இதைப் பார்த்ததே இல்லை. பேட்டரி இணைப்பைப் பிடுங்கும்வரை, புரொப்பெல்லர் இல்லாத அந்த அச்சு என் விரல்களுக்கு ஒரு சாண் தொலைவில் சுழன்றுகொண்டிருந்தது. ரிசீவரை ரிமோட்டுடன் மீண்டும் இணைத்து (பைண்ட் செய்து), சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி மாற்றினேன். மற்ற அமைப்புகள் எளிது: மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டருக்கும் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரானுக்கும் மேலும் கீழும் 10 மில்லிமீட்டர் அசைவு, இடவலமாகத் திருப்பும் வால் மடலான ரட்டருக்கு 20, ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 விழுக்காடு. பின்னாலிருந்து பார்க்கையில், ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழுகிறதா என்று மட்டும் மூன்று முறை பார்த்தேன்.

அப்துல்லாபுரத்தில் விமான நிலையமும் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளமும் இருக்கும் வட்டாரம் இது. ஆகவே ட்ரோன்களை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமாக உள்ள இடத்தைப் பார்த்து, திருவலத்துக்கு அருகே வற்றிய ஓர் ஏரியைத் தேர்ந்தெடுத்தேன். பாலாறு கிட்டத்தில் இருந்தாலும் அதன் மணலில் சக்கரம் புதைந்துவிடும். ஏரியின் களிமண்ணோ கோடையில் சிமென்ட் தரைபோல் இறுகியிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எட்டு மணிக்கு மேல காத்து தூக்கும் சார், சீக்கிரம் வுட்டுடு" என்றார்.

மோட்டாரின் முறுக்குவிசையாலும் புரொப்பெல்லர் பின்தள்ளும் சுழல்காற்றாலும் இவ்வகை விமானங்கள் புறப்படும்போது இடப்புறம் இழுக்கும். வேகத்தை ஒரேயடியாக ஏற்றாமல், வலது ரட்டரை மெல்லக் கொடுத்தபடி, வால் தானாக எழும்வரை எலிவேட்டரைச் சற்று இழுத்தே வைத்திருந்தேன். ஏறக்குறைய இருபது மீட்டர் ஓடி எழுந்தது. முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அந்த பேட்டரி நான்கரை நிமிடம்கூடத் தாங்காது. பாதி வேகத்திலேயே சுற்றியும் டைமரை ஐந்து நிமிடத்துக்கே வைத்திருந்தேன். இறங்குகையில் வேகத்தை முற்றிலும் குறைக்காமல், சக்கரம் தரை தொடும்வரை மோட்டாரைச் சிறிது ஓடவிட்டேன். ஏரித் தரையின் வெடிப்பு ஒன்றில் இடது சக்கரம் தட்டி விமானம் ஒருமுறை துள்ளியது. அகலக் கால்கள் அதைக் கவிழவிடவில்லை.

ஸ்டிக்கை விட்டால் மூக்கு தாழ்ந்துகொண்டே வந்ததால், பறக்கும்போதே எலிவேட்டர் ட்ரிம்மை (மடலின் இயல்பு நிலையைச் சிறிது மாற்றும் பொத்தான்) நான்கு படி மேலே ஏற்றியிருந்தேன். பேட்டரியை நிழலில் ஆறவிட்டு அளந்தபோது செல்லுக்கு 3.75 வோல்ட் இருந்தது. வீடு திரும்பியதும் ஈய வில்லைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மறுபடியும் பென்சில்களின் மேல் வைத்துப் பார்த்தேன்.